சாவடிக்கு இந்தப் பக்கம்

எங்கள் கடை பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் போகிற சாலையில் இருக்கிறது. ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஆதார் திருத்தம், பட்டா நகல், பாஸ்போர்ட் விண்ணப்பம், ரயில் டிக்கெட், கேட்டால் பிளேன் டிக்கெட்டும். கடையைத் தாண்டி வண்டியில் கொஞ்ச நேரம் போனால் சோதனைச்சாவடி. அதற்கு அப்புறம் பாலக்காடு மாவட்டம். அங்கேயும் தென்னந்தோப்புதான், அங்கேயும் வீட்டுக்குள் பேசுவது தமிழ்தான். என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருப்பது கொழிஞ்சாம்பாறையில். நோம்பி நாளென்றால் அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு ஒரு எட்டுப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டுப் பொழுதோட திரும்பிவிடுவார். 2020 மார்ச் வரைக்கும் நடுவே ஒரு எல்லை இருக்கிறது என்பதே எங்கள் வீட்டில் யாருக்கும் நினைப்பில் இல்லை.

கொரோனாக் காலத்தைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். தடுப்பூசியைப் பற்றியும், மூடின எல்லைகளைத் திறந்ததைப் பற்றியும் ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்லி முடித்துவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த இரண்டு வருசமும் எங்கள் பக்கத்து ஜனம் எதற்குப் பயந்தது, எதை நம்பியது, எதை மறைத்தது என்பதெல்லாம் என் கடை மேஜைக்கு மேல்தான் நடந்தது. காகிதமாக நடந்தது. அதனால் சொல்கிறேன்.

முதலில் இ-பாஸ். ஊரடங்கு தொடங்கிக் கொஞ்ச நாளில் கடையைப் பாதி ஷட்டர் திறந்து வைத்து இ-பாஸ் விண்ணப்பம் போட ஆரம்பித்தோம். கல்யாணம், சாவு, அவசர மருத்துவம் என்று காரணம் காட்ட வேண்டும், அதற்குச் சான்று இணைக்க வேண்டும். கேரளாவுக்குள் போக வேண்டுமானால் அவர்களுடைய ஜாக்ரதா தளத்திலும் தனியாகப் பதிய வேண்டும். சாவுக்குப் போகிறவரிடம் இறப்புச் சான்று கேட்டால் அவர் எங்கே போவார்? "ஏனுங் தம்பி, பொணம் ஊட்டுல கெடக்குது, அதுக்குள்ள சர்ட்டிபிகேட் எவன் தருவான்?" என்று ஒரு பெரியவர் என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

அந்த நாட்களில்தான், வாழ்நாளில் பொய் பேசி நான் பார்த்திராத மனிதர்கள் பொய்க் காகிதம் கேட்டு வந்தார்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் தேதியை மாற்ற முடியுமா என்றார்கள். போன வருசத்துக் கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். எல்லோரையும் திருப்பி அனுப்பினேன், ஒருவரைத் தவிர. அவருடைய அம்மா பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாகப் படுத்த படுக்கையாக இருந்தார். அவருக்குச் செய்து கொடுத்தேன். அதைத் தப்பு என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் வழி அடைபடும், காகிதத்தைச் சரியாக வைத்திருந்தால் திறக்கும் என்ற பாடத்தை நாங்கள் அப்போதுதான் படித்தோம். தடுப்பூசி வருவதற்கு முன்பே படித்துவிட்டோம். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அதுதான் அஸ்திவாரம் என்பது என் எண்ணம்.

காய்ச்சலும் அப்படித்தான் ஆனது. ஒரு வீட்டில் ஒருவருக்குத் தொற்று என்று தெரிந்தால் கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், சில ஊர்களில் வீதி முனையில் தகரமும் அடித்தார்கள். பால் ஊற்றுகிறவர் அந்த வீட்டைத் தாண்டிப் போவார். தோட்டத்து வேலைக்கு ஆள் வராது. மெடிக்கலில் பாராசிட்டமால் கேட்டாலே பெயரும் போன் நம்பரும் எழுதச் சொன்ன நாட்கள் இருந்தன. விளைவு, எங்கள் ஊரில் யாருக்கும் காய்ச்சலே வரவில்லை. எல்லோருக்கும் "மேலு கொஞ்சம் வலிக்குது", அவ்வளவுதான். கசாயம் வைத்துக் குடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார்கள். மூச்சு வாங்கின பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன இரண்டு பேர் திரும்பி வரவில்லை. முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அவர்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது புதிதும் இல்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் இருக்கிறது. நூறு வருசத்துக்கு முன்னால் அந்த ஊரைப் பிளேக் திரும்பத் திரும்பச் சூறையாடியதற்கு அடையாளம் அது. அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்றே ஒரு சீட்டு இருந்தது. நோய் கண்ட ஊரிலிருந்து ரயிலில் வருகிறவர் அந்தச் சீட்டோடு பத்து நாள் தினமும் போய்த் தன் உடம்பை அதிகாரியிடம் காட்ட வேண்டும். நம்மைப் பூட்டி வைக்க 2020-ல் கையிலெடுத்த கொள்ளைநோய்ச் சட்டமே 1897-ல் அந்தப் பிளேக்குக்காகப் போட்டதுதான். அதே 1897 ஜனவரியில்தான் பம்பாயில் ஹாஃப்கின் என்கிற விஞ்ஞானி, தான் தயாரித்த பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். முகாமுக்கு இழுத்துப் போய்விடுவார்கள் என்று பயந்து நோயாளியைப் பரணிலும் பின்கட்டிலும் ஒளித்து வைத்த கதை பம்பாயிலும் பூனாவிலும் நிறைய உண்டு. 2021 மே மாதம் இருகூரில் ஒரு மடத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்துப் பூசை செய்தபோது வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தை வெளியில் சொல்ல ஓர் இடம் வேண்டுமல்லவா? எங்கள் ஜனத்துக்கு அது ஆத்தா சன்னதியாக இருக்கிறது.

தடுப்பூசிக்கு வருகிறேன். 2021 ஜனவரி 16-ல் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்குத் தொடங்கி, மார்ச் 1 முதல் 60 வயதானவர்களுக்கு, ஏப்ரல் 1 முதல் 45 வயதைத் தாண்டின எல்லோருக்கும் என்று படிப்படியாக வந்தது. அப்பாவுக்கு அப்போது 71. மார்ச் மாதமே போட்டிருக்கலாம். "எல்லாரும் போடட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப் போட்டார். ஏப்ரல் 15-ஆம் தேதி நடிகர் விவேக் சென்னையில் எல்லோரும் பார்க்கத் தடுப்பூசி போட்டுக்கொண்டார். ஜனங்களுக்குப் பயம் போக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்தார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்துபோனார். மாரடைப்புக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு பின்னால் அக்டோபரில் சொன்னது. அந்த ஆறு மாதத்தில் எத்தனை வாசல் அடைபட்டது என்பதை என் கடையிலிருந்தே எண்ணியிருக்கலாம். முன்பதிவு செய்யச் சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து ரத்து செய்யச் சொன்னார்கள். அப்பா வாயைத் திறக்கவே இல்லை. டிவியை அணைத்துவிட்டுக் கட்டுத்தரைப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவருடைய பயத்தை அறியாமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர் கை முட்டிக்கு மேலே வட்டமாக இரண்டு அம்மைத் தழும்பு உண்டு. அம்மை குத்துகிறவர் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்று சுவரேறிக் குதித்து ஓடியதையும், வாத்தியார் இட்டேரியில் துரத்திப் பிடித்துத் தூக்கி வந்ததையும் அவரே சொல்வார். அம்மை ஒழிந்ததையும் கண்ணால் பார்த்தவர். ஊசி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை விழுங்குகிற ஓர் உடம்பு இதைத் தாங்குமா என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் கேள்வியை அவரிடம் உட்கார்ந்து கேட்க அன்றைக்கு ஒருவரும் இல்லை. நானும் கேட்கவில்லை. "போடுங்கப்பா, போடுங்கப்பா" என்று நச்சரித்தேன், அவ்வளவுதான்.

இரண்டாம் அலை வந்தது. மே 20-ஆம் தேதி, 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான தடுப்பூசியை முதலமைச்சர் ஸ்டாலின் திருப்பூர் நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்காவில் தொடங்கி வைத்தார். அந்த மாதக் கடைசியில் கோயம்புத்தூர் தினசரி எண்ணிக்கையில் சென்னையைத் தாண்டியது. 30-ஆம் தேதி அவர் கவச உடை போட்டுக்கொண்டு கோவை இஎஸ்ஐ ஆஸ்பத்திரி வார்டுக்குள்ளேயே போனார். அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். ஏப்ரலில் ஊசிக்கு ஆள் தேடினார்கள், ஜூனில் ஆளுக்கு ஊசி இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கே பள்ளிக்கூடத்து வாசலில் செருப்பையும் கல்லையும் வரிசையில் போட்டு இடம் பிடித்தார்கள். நான் ஜூன் மாதம் மூன்றாவது தடவை போனபோதுதான் டோக்கன் கிடைத்துக் கோவிஷீல்டு போட்டுக்கொண்டேன். இரண்டாவது ஊசிக்கு 84 நாள் காத்திருக்க வேண்டும். அப்பா அப்போதும் வரவில்லை.

ஆகஸ்ட் 5 முதல், கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குள் வருகிறவர்கள் இரண்டு டோஸ் போட்ட சர்ட்டிபிகேட் அல்லது ஆர்டிபிசிஆர் நெகட்டிவ் ரிசல்ட் காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. வாளையாரிலும் கோபாலபுரத்திலும் வேலந்தாவளத்திலும் பந்தல் போட்டு நின்றார்கள். அப்போது கேரளாவில் தினமும் இருபதாயிரத்துக்கு மேல் தொற்று, நம்மிடம் இரண்டாயிரத்துக்கும் கீழே. "மலையாளத்தான் கொண்டாந்து விட்டுருவான்" என்று என் கடையிலேயே பேசினார்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த ஜூன், ஜூலையில் ஐசிஎம்ஆர் என்கிற மத்திய மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு நாடு முழுக்க ரத்தத்தில் எதிர்ப்புப்பொருள் பார்த்தது. இந்தியா முழுமைக்கும் சுமார் 67 சதவீதம் பேருக்கு இருந்தது. தமிழ்நாட்டில் 69. கேரளாவில் 44 மட்டும்தான். அந்த 44-லும் 69-லும் தடுப்பூசியால் வந்ததும் கொஞ்சம் இருக்கும். இருந்தாலும் அர்த்தம் எளிது: நோய் அதிகம் புகுந்து போனது நம் பக்கம்தான். அவர்கள் தேடித் தேடி டெஸ்ட் எடுத்தார்கள், கண்டதை மறைக்காமல் சொன்னார்கள். சொன்னதால் சீக்குப் பிடித்த ஊர் என்று பெயர் வாங்கினார்கள். நாங்கள் கசாயம் குடித்துக் கதவைச் சாத்திப் படுத்திருந்ததால் சுத்தமான ஊர் ஆனோம்.

அந்த ஆவணி மாதத்தில்தான் வயசுக்கு வந்த தங்கச்சி மகளுக்குத் தெரட்டிச் சீர் வைத்தார்கள். நான் தாய்மாமன். கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மாமன் சீர் இல்லாமல் அந்தப் பிள்ளைக்கு மாலை போட முடியாது. இரண்டாவது டோஸ் எங்கள் யாருக்கும் முடியவில்லை, அதனால் திரும்பி வர ஆர்டிபிசிஆர் வேண்டும். மூன்று நாள் முன்னதாக ஒன்பது பேரும் பொள்ளாச்சிக்குப் போய் மூக்கைக் காட்டுவதாக ஏற்பாடு. கிளம்புகிற நேரத்தில் அப்பா வரமாட்டேன் என்றார்.

"ரெண்டு நாளா மூக்கு ஒழுகுதுடா கண்ணு. டெஸ்ட்டுல இருக்குதுன்னு வந்துருச்சுன்னா? ஊட்டுல ஸ்டிக்கர் ஒட்டுவான். சீரு நின்னுபோயிரும். அந்தப் புள்ளைக்கு நம்மளால ஒரு கொறை வரலாமா? நான் வரல, நீங்க போய்ச் செஞ்சுட்டு வாங்க."

தொற்று பரவும் என்ற பயத்தில் அவர் நிற்கவில்லை. உண்மை வெளியே வந்துவிடுமே என்ற பயத்தில் நின்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது அத்தனையும் நடக்கக்கூடியதுதான்.

சீர் அன்று காலை வேனில் சாவடி வரைக்கும் எங்களோடு வந்தார், முன் சீட்டில், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. பின்னால் பட்டுப்புடவை, மாலை, தேங்காய்ப்பழத் தட்டுகள், சந்தனம் எல்லாம் மஞ்சள் துணி போட்டு மூடியிருந்தது. சாவடியில் வேன் நின்றதும் இறங்கிக்கொண்டார். மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்து என் கையில் கொடுத்தார். எங்கள் குலசாமி கோயில் திருநீறு. "புள்ளை நெத்தியில நீயே வெச்சுடு." சாவடியில் நின்றவர்கள் எங்கள் காகிதங்களை வாங்கி ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பி தூக்கினதும் வண்டி நகர்ந்தது. கண்ணாடியில் பார்த்தேன். வெள்ளை வேட்டியோடு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேன் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பொழுதோட நாங்கள் திரும்புகிற வரை அதே பெஞ்சில்தான் இருந்தார் என்று டீக்கடைக்காரர் அப்புறம் சொன்னார்.

பக்கத்து எல்லை இப்படி என்றால், தூரத்து எல்லைகள் வேறு மாதிரி வதைத்தன.

எங்கள் ஊர்ப் பள்ளியில் என்னைப் படிக்க வைத்த டீச்சர் ஒருவர், ஓய்வு பெற்றவர். மகள் அமெரிக்காவில். 2021 மார்ச்சில் ஊசி தொடங்கின உடனே, ஊரில் எல்லோரும் தயங்கின நேரத்தில், முதல் ஆளாகப் போய்க் கோவேக்சின் போட்டுக்கொண்டவர். 28 நாளில் இரண்டாவதும் போட்டுவிட்டார். "நம்ம நாட்டுல கண்டுபுடிச்சது, நாமளே போடலன்னா யாரு போடுவா?" என்பார். அவரைப் பார்த்துத் தைரியம் வந்து ஊசி போட்டவர்கள் எங்கள் வீதியில் பத்துப் பேராவது இருப்பார்கள். செப்டம்பரில் மகளுக்குப் பிரசவம். போக முடியவில்லை. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு அமெரிக்கா மே மாதமே கதவைச் சாத்தியிருந்தது. செப்டம்பர் 20-ல் அறிவிப்பு வந்தது: நவம்பர் முதல் முழுமையாகத் தடுப்பூசி போட்ட வெளிநாட்டவர் வரலாம். டீச்சர் அன்று மாலையே என் கடைக்கு இனிப்போடு வந்தார். அக்டோபரில் இன்னொரு அறிவிப்பு: அவர்கள் நாட்டில் அனுமதித்த ஊசி அல்லது உலக சுகாதார அமைப்பு அங்கீகரித்த ஊசி மட்டும். கோவிஷீல்டு அந்தப் பட்டியலில் பிப்ரவரியிலிருந்தே இருந்தது. கோவேக்சின் இல்லை.

தினமும் வந்து கேட்பார். நானும் இணையத்தில் பார்த்துச் சொல்வேன். இதற்கு நடுவில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக வேண்டிய ஒரு பையன், கோவேக்சின் இரண்டு டோஸ் போட்டவன், வேறு அடையாள அட்டையில் புதிதாகப் பதிந்து கோவிஷீல்டு போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். இதே பிரச்சினைக்குக் கேரள உயர் நீதிமன்றம் வரை ஒருவர் போயிருந்தார். கோவிஷீல்டு போட்டவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஆக்ஸ்போர்டில் உருவாக்கின மருந்தை புனேயில் தயாரித்தால் அதுதான் கோவிஷீல்டு. அதைப் போட்டுக்கொண்டு இங்கிலாந்துக்குப் போனாலே பத்து நாள் அடைந்து கிட என்றார்கள். பிறகு ஊசி சரி, சர்ட்டிபிகேட்தான் சரியில்லை என்றார்கள். நம் சர்ட்டிபிகேட்டில் பிறந்த வருசம் மட்டும் இருந்தது, தேதி இல்லை. இந்தியாவும் அக்டோபர் 4 முதல் இங்கிலாந்துக்காரர்களுக்கு அதே பத்து நாளைத் திருப்பிப் போட்டது. ஒரே வாரத்தில், 11-ஆம் தேதி, அவர்கள் இறங்கி வந்தார்கள். அரசாங்கங்களுக்குள் அது முடிந்துபோன விசயம். என் கடை பெஞ்சில் முடியவில்லை. "அப்ப நமக்குப் போட்டது ரெண்டாந்தர ஊசிங்களா?" என்று கேட்டவர்களுக்கு நான் எத்தனை சொல்லியும் முகம் தெளியவில்லை. வாட்ஸப்பில் வந்த வதந்திகள் செய்யாத சேதத்தை இந்த வரிசைப்படுத்தல் செய்தது. வதந்தியை அரசாங்கம் பொய் என்று சொல்ல முடியும். அரசாங்கங்களே ஒன்றையொன்று நம்பாதபோது யார் வந்து சமாதானம் சொல்வது?

தடுப்பூசிச் சான்றே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஆப்பிரிக்காவுக்கு மில் வேலைக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசிக்கு நான் வழி சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு சின்ன மஞ்சள் புத்தகம் கொடுப்பார்கள், ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், உலகத்துக்கெல்லாம் ஒரே விதி. ஒருவர்கூட அதை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. கொரோனா ஊசிச் சான்றை மட்டுமே பயணத்துக்கு நிபந்தனையாக வைக்காதீர்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2021 முழுக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

நவம்பர் 3, தீபாவளிக்கு முந்தின நாள். கோவேக்சினுக்கு அங்கீகாரம் என்று போனில் செய்தி வந்ததும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். ஜல்லிக்கரண்டியை எண்ணெய்ச் சட்டி மேலேயே பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அடுப்பில் இருந்த ஈடு கருகிப்போனது. சந்தோசப்படுவார் என்று ஓடி வந்தேன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மருந்து ஒண்ணுதானே தம்பி. நேத்து வரைக்கும் செல்லாது, இன்னிக்குச் செல்லும். என் ஒடம்புல இருக்கறது மாறலையே. பெத்த புள்ள அங்க தனியாக் கெடந்து வலி எடுத்தாளே, அந்த நாளு திரும்பி வருமா?"

நவம்பர் 8-ல் அமெரிக்கா திறந்தது. அந்த மாதமே டிக்கெட் போட்டு அனுப்பி வைத்தேன்.

அப்பா விசயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 12-ல் தமிழ்நாடு முழுக்க ஒரே நாளில் 40,000 இடங்களில் முகாம் நடத்தி 28 லட்சத்துக்கும் மேலானவர்களுக்கு ஊசி போட்டார்கள். அந்த முதல் முகாமுக்கு அவர் போகவில்லை. மூன்று நாள் கழித்து எங்கள் நர்சம்மா வீட்டுக்கு வந்தார். கிராம செவிலியர், முப்பது வயசு இருக்கும், ஸ்கூட்டியில் நீல நிற ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சுற்றுகிறவர். வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். ஊசி போடுங்கள் என்று சொல்லவே இல்லை.

"என்னத்துக்குங்கய்யா பயம்?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். விவேக் போனது. சர்க்கரை மாத்திரை. ரெண்டு வருசத்தில் செத்துவிடுவார்கள் என்று வந்த வாட்ஸப். பெரியப்பா மகன் ஊசி போட்ட அன்று ராத்திரி நடுங்கிக்கொண்டு கிடந்தது. நர்சம்மா ஒன்றுக்கும் சிரிக்கவில்லை, ஒன்றையும் வெட்டிப் பேசவில்லை. பிரஷர் பார்த்தார். மாத்திரை டப்பாவை வாங்கி ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். "உங்களுக்கும் ராத்திரி காய்ச்சல் வரும்யா, கை வலிக்கும். வரலாம்னு சொல்லல, வரும்னே வெச்சுக்கங்க. இந்த மாத்திரையைப் போடுங்க. நெஞ்சுல என்ன மாதிரி வந்தாலும் எந்நேரமானாலும் எனக்குக் கூப்புடுங்க" என்று தன் நம்பரைத் தினசரிக் காலண்டர் அட்டையிலேயே எழுதினார். அரை மணி நேரம் இருந்திருப்பார். கிளம்பும்போது அப்பா அவராகவே கேட்டார்: "ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு அம்மிணி?"

19-ஆம் தேதி பள்ளிக்கூடத்தில் போட்டுக்கொண்டார். அம்மைத் தழும்புக்குக் கொஞ்சம் கீழே. ராத்திரி காய்ச்சல் வந்தது. காலையில் நர்சம்மா வந்து எட்டிப் பார்த்தார். "சொன்ன மாதிரியே வந்துச்சு அம்மிணி" என்று அப்பா சொன்னபோது அவர் குரலில் ஒரு திருப்தி. காய்ச்சல் வரும் என்று முன்னாலேயே சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முகாம்களுக்குப் பலர் வரவில்லை. ஊசி போட்டால் கறி சாப்பிடக்கூடாது, சாராயம் குடிக்கக்கூடாது என்று ஒரு நினைப்பு, வாரத்துக்கு ஒரு நாள் கறி எடுக்கிற குடும்பங்கள் அந்த நாளை விடத் தயாராக இல்லை. இதை ஜனங்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். அந்த ஒரு முடிவை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஜனம் உண்மையான காரணத்தைச் சொன்னது, அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, கிழமையை மாற்றினார்கள். அப்போது அண்டையில் நீலகிரியில் ஊசி போட்டவர்களுக்குத்தான் மதுக்கடையில் சரக்கு என்று சொல்லியிருந்தார்கள். ஊசி எண்ணிக்கைக்கு அதுவும் உதவியிருக்கும். ஆனால் ஊசி போடாமல் சர்ட்டிபிகேட் மட்டும் கிடைக்குமா என்று என் கடைக்கு வந்து கேட்டவர்கள் எல்லோரும் இந்த மாதிரி ஒரு வாசலில் நிறுத்தப்பட்டவர்கள்தான். நர்சம்மா உட்கார்ந்து பேசின வீட்டிலிருந்து ஒருவர்கூட அப்படி வரவில்லை.

டிசம்பரில் அப்பாவுக்கு இரண்டாவது டோஸ். டிசம்பர் 18, சனிக்கிழமை, தோப்பில் காய் வெட்டு இருந்ததால் போகவில்லை. பொழுதோட போனில் குறுஞ்செய்தி: இரண்டாவது டோஸ் வெற்றிகரமாகச் செலுத்தப்பட்டது. சர்ட்டிபிகேட்டும் தயார். யார் பதிந்தார்கள், எந்த மேஜையில் நடந்தது என்று எனக்குத் தெரியாது. எண்ணிக்கை காட்ட வேண்டிய நெருக்கடியில் எங்கோ ஒருவர் செய்திருக்க வேண்டும். அப்பா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டாவது தடவையும் படிக்கச் சொன்னார்.

"போடாத ஊசியப் போட்டன்னு எழுதறவங்க, போட்ட ஊசியில என்ன இருக்குதுன்னு மட்டும் நெசத்தையா சொல்லியிருப்பாங்க?"

ஒரு வருசமாகக் கட்டினது ஒரு குறுஞ்செய்தியில் சரிந்ததை நான் நேரில் பார்த்தேன். இனி அவருக்கு எல்லை திறந்திருக்கிறது, காகிதம் கையில் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம். உடம்பில்தான் இரண்டாவது ஊசி இல்லை. நர்சம்மாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. பிறகு, "ரெக்கார்டுல இனி ஏத்த முடியாதுங்ணா. அது கெடக்கட்டும். ஐயாவுக்கு ஊசி போட்டே ஆகணும்" என்றார்.

புதன்கிழமை மத்தியானம் அழைத்தார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. திறந்தால் நாலு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், அதனால் பத்துப் பேர் சேருகிற வரை காத்திருந்துதான் திறப்பார்கள். கம்பெனியில் கொஞ்சம் கூடவே நிரப்பியிருப்பார்கள், கை சுத்தமாக இருந்தால் பதினோராவது ஆளுக்கும் அதில் மருந்து எடுக்கலாம். பத்துப் பேருக்குப் போட்டு முடித்துவிட்டு, நர்சம்மா குப்பியைத் தலைகீழாகப் பிடித்து, சிரிஞ்சை மெதுவாக, ரொம்ப மெதுவாக இழுத்தார். சரியாக அரை மில்லி. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அப்பாவுக்கும் காட்டினார். "பாத்துக்குங்கய்யா, இதுதான் உங்களுது." அப்பா கையை நீட்டினார். எந்தக் கம்ப்யூட்டரிலும் அது ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். டிசம்பர் 22, மார்கழி 7, புதன். அதன் பின்னால் பேனாவில் "ரெண்டாவது ஊசி" என்று எழுதி மாத்திரை டப்பாவில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் ஒமிக்ரான் வந்துவிட்டது. தென்னாப்பிரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்து உலகத்துக்கு உடனே சொன்னார்கள். சொன்ன மறுநாளே அவர்களுக்குப் பல நாடுகள் கதவடைத்தன. வைரஸ் அதற்கு முன்பே ஊர் ஊராகப் போயிருந்தது. டிசம்பர் 15 முதல் வழக்கமான வெளிநாட்டு விமானங்களைத் தொடங்குவதாக இருந்த இந்தியாவும் நிறுத்தி வைத்து, 2022 மார்ச் 27-ல்தான் தொடங்கியது. கேட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிற புத்தி உலகம் முழுக்க ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. தொடக்கத்தில், 2020 மார்ச்சில், எதுவும் தெரியாத நேரத்தில் மூடினது சரி. அதில் எனக்குக் குறை இல்லை. இரண்டு வருசம் கழித்தும் உண்மையைச் சொன்னவனைத் தண்டிப்பதே முதல் வேலையாக இருந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஊசி போட்டவர்களுக்கும் தொற்று வந்தது. கடுமையாகாமல் காப்பாற்றுவதுதான் ஊசியின் முக்கியமான வேலை, அதை அது செய்தது. ஆனால் எல்லை கடக்கிற சீட்டாக மட்டுமே அதைத் தெரிந்துகொண்டவர்கள், "ஊசி போட்டும் வந்துருச்சே" என்று ஏமாந்த முகத்தோடு வந்து நின்றார்கள்.

ஜனவரியில், பொங்கல் கழிந்து நாலாம் நாள், அப்பா கடைக்கு வந்தார். உள்ளே வரவில்லை. முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்று சொன்னார்: "எனக்குச் சளி புடிச்சிருக்குது கண்ணு, தொண்டை கரகரங்குது. அம்மிணிக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டன், டெஸ்ட் எடுக்க வரச் சொல்லுச்சு. நீ நாலு நாளைக்கு ஊட்டுப் பக்கம் வராத."

டெஸ்ட்டில் தொற்று இருக்கிறது என்று வந்தது. தோட்டத்துச் சாளையில் ஒரு வாரம் தனியாக இருந்தார். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. யார் போன் செய்தாலும் "எனக்குக் கொரோனாங்க" என்று அவராகவே சொன்னார்.

ஏப்ரலில், சித்திரை வருசப் பிறப்புக்குத் தங்கச்சி வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தச் சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து லேமினேஷன் செய்யச் சொன்னார். இனிமேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்றேன். "கெடக்கட்டும், போடு" என்றார். மெஷின் சூடாகிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்தார். நாலாக மடித்து, மடிப்பில் லேசாகக் கிழிந்திருந்தது. சர்ட்டிபிகேட்டின் முதுகில் அதைப் படிய வைத்து விரலால் நீவினார். இரண்டையும் சேர்த்து உறைக்குள் வைத்து மெஷினில் விட்டேன்.

சாவடியில் பந்தலே இல்லை. கொழிஞ்சாம்பாறையில் பேத்தி அந்த அட்டையை வாங்கிப் பார்த்தபோது, அப்பா அதைத் திருப்பிப் பிடித்துப் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னாராம்.